பத்தி மூன்று, வரி நான்கு

மார்ச் 4, திங்கள்

புத்தகம் வந்துவிட்டது. சீன இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கான ஆங்கிலச் சொல்வளமும் கருத்துணர்தலும், ஐம்பது பயிற்சிப் பகுதிகள், பளபளப்பான அட்டை. அட்டையின் முன்புறம் எங்கள் பயிற்சி மையத்தின் கல்வி இயக்குநர் டாக்டர் சிவநேசன் கைகளைக் கட்டிக்கொண்டு, ஒரு மலையை இப்போதுதான் விலைபேசி முடித்தவர்போல் நிற்கிறார். பின்புறமும் அவரே. அங்கே கைகளை அவிழ்த்திருக்கிறார்.

ஐம்பது பகுதிகளையும் எழுதியவன் நான். பதினொரு ஆண்டுகளாக, ஈப்போவில் உப்புக்கோழிக் கடைக்கு மேலுள்ள இந்த இரண்டாம் மாடியில், என் வகுப்புகளுக்காக வாரம் ஒன்றாக எழுதி, நகலெடுத்துக் கொடுத்தவற்றிலிருந்து எடுத்தவை. சென்ற டிசம்பரில் "சென்டர் ஃபைலுக்கு" என்று அவர் கேட்டார், கொடுத்தேன்.

"நாயகம் அண்ணே, சூப்பரா வந்திருக்குல்ல?" என்றார் இயக்குநர். "நம்ம சென்டர் பேரு எங்கயோ போயிடும் பாருங்க."

"முன்னுரையில் நான்கு அச்சுப்பிழைகள் இருக்கின்றன" என்றேன்.

"யாரு அண்ணே முன்னுரையெல்லாம் படிக்கிறா!"

எனக்குக் கோபம் வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வீட்டுக்கு வந்து கழிவறைக் குழாயைச் சரிசெய்தேன். ஒரு வாரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. இப்போது திறந்தாலும் நீர் வரவில்லை.

மார்ச் 6, புதன்

இயக்குநரின் "தூக்கல் முறை" பற்றி எழுதிவைக்க வேண்டும். எதிர்காலத்தில் இதை யாரும் நம்பமாட்டார்கள்.

எங்கள் மாணவர்கள் வீட்டில் காண்டனீஸ் பேசுகிறார்கள், பள்ளியில் மாண்டரின், கடையில் மலாய். ஆங்கிலம் அவர்களுக்குத் தேர்வுத்தாளில் மட்டுமே வசிக்கும் ஒரு பிராணி. பள்ளியின் ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வில் அதைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். கடிபடாமல் தொடும் வழியைத் தாம் கண்டுபிடித்ததாக இயக்குநர் சொல்கிறார். பகுதியை வாசிக்காதே. கேள்வியை மட்டும் படி. கேள்வியிலுள்ள சொல்லைப் பகுதியில் தேடு. கண்டதும் அந்த வரியை அப்படியே தூக்கி விடையில் வை. ஓரத்தில் பத்தி எண்ணையும் வரி எண்ணையும் குறி.

முறை பலிக்கிறது என்பதுதான் கொடுமை. படிவம் ஐந்தில் இருக்கும் வெய் ஜியே, டயர்க் கடைக்காரர் மகன், ஒரு பகுதி திமிங்கலத்தைப் பற்றியதா தீயணைப்பு நிலையத்தைப் பற்றியதா என்று அறியாமலேயே பத்துக்கு ஒன்பது வாங்குகிறான்.

"சார், திமிங்கலமா?" என்று இன்று வியந்தான். "நான் பார்க்கவே இல்ல லா. பெருசா இருக்குமே."

(அவர்கள் என்னிடம் பேசுவது ஆங்கிலத்தில். அந்த ஆங்கிலம் என் காதில் எப்படி விழுகிறதோ அப்படியே, வாக்கியம்தோறும் ஒட்டும் அந்த 'லா'வோடு, தமிழில் எழுதுகிறேன்.)

மார்ச் 11, திங்கள்

காலையில் பசியாறும்போது என் மனைவி விமலா புத்தகத்தைப் புரட்டினாள். அவள் மாவட்ட மருத்துவமனையில் மூத்த தாதி. எதையும் ஒருமுறை பார்த்தாலே நோய் இன்னதென்று தெரிந்துகொள்பவள்.

"இந்தப் பாலம் கத நீங்க எழுதுனதுதானே? தைப்பிங் போய்ட்டு வந்து எழுதுனீங்களே."

"ஆம்."

"அப்புறம் ஏன் இந்த ஆளு மூஞ்சி?"

தேநீரை ஆற்றினேன்.

"என்னாங்க, நேரா போங்க. மேடம் யாப்பப் பாருங்க. 'இது என்னோடது'ன்னு ரெண்டு வார்த்த சொல்லுங்க. அந்தம்மா நல்ல மனுஷிதானே?"

மேடம் யாப் மையத்தின் உரிமையாளர். நல்லவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் தன் பெயரைத் தானே போய்க் கேட்டு வாங்குவது ஒரு பல்கலைக்கழகப் பட்டதாரி செய்யும் காரியமன்று. கண்ணுள்ளவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை விமலாவிடம் இன்னும் நல்ல தமிழில் சொன்னேன்.

"ஆமா, பார்த்துக்கிட்டேதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவள் பேருந்துக்குப் போய்விட்டாள்.

மார்ச் 13, புதன்

இரண்டாம் தொகுதி வரப்போகிறதாம். இன்னும் நாற்பது பகுதிகள் வேண்டுமாம். "ஒங்க ஸ்டைல்லயே குடுங்க அண்ணே, பசங்களுக்கு அதான் பழகிருச்சு" என்றார் இயக்குநர்.

தருவதாகச் சொன்னேன். புன்னகையும் செய்தேன். என் புன்னகை அரிதானது. அவர் கொஞ்சம் பின்வாங்கினார்.

மார்ச் 18, திங்கள்

இரண்டாம் தொகுதியின் முதல் பகுதி.

திரு. ஸ்வான் என்பவர் பக்கத்து வீட்டு மரத்தின் ரம்புத்தான் பழங்களைப் பறித்து, ஒரு வெள்ளித்தட்டில் அடுக்கி, மாவட்டப் பழக் கண்காட்சியில் முதல் பரிசு பெறுகிறார். பரிசுக்கோப்பையுடன் கைகளைக் கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார். அவருடைய நெற்றி, மூக்குக்கண்ணாடி, வாசனைத் தைலம், 'சூப்பர்' என்னும் சொல்லை அவர் பயன்படுத்தும் எண்ணிக்கை ஆகிய அனைத்தும் முந்நூறு சொற்களில் இடம்பெற்றுள்ளன. ஓவியன் ஒருவனுக்குக் கொடுத்தால், ஆளை நேரில் பார்க்காமலேயே வரைந்துவிடுவான்.

இயக்குநரின் மேசையில் வைத்தேன். கேள்விகளை மட்டும் பார்த்தார். "தூக்குறதுக்கு நல்லா வாட்டமா இருக்கு அண்ணே" என்று சொல்லிக் கோப்பில் சேர்த்தார்.

மார்ச் 20, புதன்

வகுப்பில் கொடுத்தேன். முப்பத்திரண்டு பேர். யாருடைய உதட்டிலும் ஒரு சிரிப்பு இல்லை. அறுவை சிகிச்சை நிபுணர்கள்போலக் குனிந்து வரிகளை அறுத்தெடுத்தார்கள்.

கடைசிக் கேள்வி: திரு. ஸ்வான் பரிசு பெற்றது ஏன்? முப்பத்தொரு பேர்: "ஏனெனில் அவருடைய பழங்களே இனிமையானவை. பத்தி இரண்டு, வரி ஆறு." ஃபூங் பெய் ஷான் என்னும் பெண் மட்டும், மூன்றாம் வரிசையில் பேசாமல் உட்காருபவள், வேறுவிதமாக எழுதியிருந்தாள்: "ஏனெனில் நடுவர்கள் தட்டைப் பார்த்தார்கள், மரத்தைப் பார்க்கவில்லை."

பத்தி எண் இல்லை. வரி எண் இல்லை. விடைத்தாளின்படி இது தவறு. முழு மதிப்பெண் கொடுத்தேன். பிறகு ஒருமை பன்மைப் பிழை ஒன்றுக்காக அரை மதிப்பெண் குறைத்தேன். ஒழுங்கு ஒழுங்குதான்.

ஏப்ரல் 3, புதன்

சொல்வளப் பயிற்சி. இன்றைய சொல், பிறர் எழுத்தைத் தன் எழுத்தாக அபகரித்தலைக் குறிப்பது. பொருளைக் கரும்பலகையில் எழுதி, வாக்கியம் அமைக்கச் சொன்னேன். வெய் ஜியே எழுதியது: "என் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் கோழியை அபகரிக்கிறார், மிகவும் சுவையாக இருக்கும்."

கீழ்த்தளத்திலிருந்து உப்புக்கோழி மணம் வந்துகொண்டிருந்தது. அவனைக் குறை சொல்ல மனமில்லை.

பெய் ஷான்: "ஒருவர் அபகரிக்கும்போது, பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு வேலை அதிகம்." இதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. சரி என்று குறியிட்டேன்.

ஏப்ரல் 8, திங்கள்

பன்னிரண்டாம் பகுதி. ஒருவர் வெள்ளிக்கிழமை விமானமேறி ஞாயிற்றுக்கிழமை முனைவராகத் திரும்புகிறார். பல்கலைக்கழகம் ஒரு விடுதியின் நான்காம் தளத்தில் இருக்கிறது. பட்டமளிப்பு விழாவின்போது பக்கத்து அறையில் திருமண விருந்து நடப்பதால், மேளதாளத்துக்குக் குறைவில்லை.

இயக்குநர் தமது பட்டத்தை இப்படித்தான் பெற்றார் என்று நான் எங்கும் சொல்லவில்லை. அந்தப் பயணத்தின் புகைப்படங்களை அவரே முகநூலில் போட்டிருக்கிறார்.

கேள்விகளைப் பார்த்தார். கோப்பில் சேர்த்தார். "சூப்பர் அண்ணே."

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. விமலா வடையும் பாயசமும் செய்தாள். நான் மூன்று பகுதிகள் எழுதினேன்.

"நல்ல நாளும் அதுவுமா எதப் பார்த்து தனியா சிரிக்கிறீங்க?"

"பணி தொடர்பானது."

"அந்தப் பெரிய பல்லு ஆளப் பத்தியா?"

பற்களைப் பற்றி இதுவரை எழுதாமல் விட்டது என் கவனக்குறைவு.

ஏப்ரல் 22, திங்கள்

இன்று துணிந்துவிட்டேன். முப்பத்தேழாம் பகுதி. தன்மையில் எழுதப்பட்டது. "இந்த நூலின் ஆசிரியர் நான்" என்று தொடங்குகிறது. முதல் பத்தியில் அவர் தம் சிறப்புகளைச் சொல்கிறார். இரண்டாம் பத்தியில் தம் அட்டைப்படத்தை வர்ணிக்கிறார். மூன்றாம் பத்தியில், வெயிலடிக்கிறது என்று சொல்வதுபோல் இயல்பாக: "இந்நூலின் பகுதிகளை எழுதியவர் வேறொருவர். நான் அட்டையில் பெயரை மாற்றினேன்." நான்காவதில், படத்தைப் பார்க்கும்போதெல்லாம் தமக்கு மிகுந்த பெருமை உண்டாவதாகச் சொல்லி முடிக்கிறார்.

நான்கே சிறு பத்திகள். மறைபொருள் எதுவும் இல்லை. படிவம் ஒன்று மாணவனும் புரிந்துகொள்ளும் ஆங்கிலம். வாசித்தால்.

இது அவர் பெயரிலேயே, அவர் செலவிலேயே, அவர் படத்துக்குப் பின்னாலேயே அச்சாகும். அச்சானபின் ஈப்போவில் ஆங்கிலம் தெரிந்த ஒருவராவது அதை வாசிப்பார். அதன்பின் நான் வாய் திறக்க வேண்டிய தேவையே இராது. என் பெயர் தானாக வந்து சேரும்.

கேள்விகளைப் பார்த்தார். "செம்ம ஈஸி அண்ணே." கோப்பில் சேர்த்தார்.

மாலை விமலாவுக்கு மல்லிகைச் சரம் வாங்கி வந்தேன். "ஒடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஏப்ரல் 24, புதன்

வகுப்பு முடிந்து எல்லோரும் கோழிக் கடைக்கு இறங்கிய பிறகு, பெய் ஷான் என் மேசைக்கு வந்தாள். கையில் முப்பத்தேழாம் பகுதி.

"சார், இது புத்தகத்துல வருமா?"

"வரும்."

"டாக்டர் சிவா படிச்சாரா?"

"கேள்விகளைப் படித்தார்."

கீழே வெய் ஜியே அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான்.

"ரம்புத்தான் ஆளு அவரு. விமானத்துல போன ஆளும் அவரு. இதுவும் அவரு. எனக்குத் தெரியும் சார்."

பதினொரு ஆண்டுகளில் முதல்முறையாக ஒருவர் என்னை வாசித்திருக்கிறார். என் முகம் எதையும் காட்டவில்லை என்றே நினைக்கிறேன்.

"நன்று" என்றேன்.

"நன்று இல்ல சார். மேடம் யாப்புக்குத் தெரிஞ்சா யாரைத் திட்டுவாங்க? எழுதினது நீங்க. உங்களை நிறுத்திட்டா, எங்களுக்கு நவம்பர்ல தேர்வு. அவரு முறைய வச்சா? எனக்கு வரியைத் தூக்கத் தெரியாது சார். உங்ககிட்டதான் படிக்கிறேன்."

"அது என் கவலை."

"அப்புறம் நாங்க எல்லாரும் அந்த விடைய எழுதுறோம். நீங்க திட்டணும்னு நினைக்கிறத எங்க கையால எழுத வைக்கிறீங்க. வெய் ஜியே அவரைத் திருடன்னு மூணு தடவை எழுதியிருக்கான். அவனுக்கே தெரியாது. இது சரியா, இல்லையா சார்?"

அவளுடைய பேச்சில் இரண்டு இலக்கணப் பிழைகள் இருந்தன. இரண்டையும் திருத்தினேன். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

துடுக்குத்தனம். இக்காலப் பிள்ளைகளிடம் மரியாதை குறைந்துவருகிறது.

ஏப்ரல் 25, வியாழன்

சரியாகத் தூங்கவில்லை. புழுக்கம் அதிகம்.

மே 6, திங்கள்

இரண்டாம் தொகுதியின் வெளியீட்டு விழா வரும் பதினெட்டாம் தேதி, சங்க மண்டபத்தில். பெற்றோர்கள் வருகிறார்கள். மேடையில் தூக்கல் முறையைச் செய்துகாட்டப் போகிறார்களாம். மாணவர்களுக்கு மஞ்சள் டீ சட்டை. நெஞ்சில் இயக்குநரின் முகம்.

"அண்ணே, பசங்க படபடன்னு சொல்ற மாதிரி ஒரு பாஸேஜ் சொல்லுங்க. மேடையில திக்கிட்டு நிக்கக் கூடாது. எது ஈஸி?"

வேறு முப்பத்தொன்பது பகுதிகள் இருந்தன. கடலாமைகளைப் பற்றி ஒன்று இருந்தது. குற்றமற்ற, தெளிந்த உரைநடை.

"முப்பத்தேழு" என்றேன்.

மே 17, வெள்ளி

சட்டைக்கு இஸ்திரி போட்டேன். விமலா விடுப்பு எடுத்திருக்கிறாள். "நானும் வர்றேன். என்னமோ செஞ்சு வச்சிருக்கீங்க. மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது."

பெய் ஷான் இந்த வாரம் வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நானும் அவளைக் கேட்கவில்லை. இயக்குநரின் எண்ணை ஒருமுறை தொலைபேசியில் எடுத்தேன். ஆமைகளைப் பற்றிச் சொல்லலாம் என்று. பிறகு வைத்துவிட்டேன். அவர் சாப்பிடும் நேரமாக இருக்கும்.

மே 18, சனி

நடந்தது நடந்தபடி.

மண்டபம் நிறைந்திருந்தது. பெற்றோர்கள், பாட்டிமார், கைக்குழந்தைகள். முன்வரிசையில் மேடம் யாப் சிவப்பு உடையில். நானும் விமலாவும் ஆறாம் வரிசையில். எங்களுக்கு முன்னால் என் மாணவர்கள், மஞ்சள் மஞ்சளாக.

இயக்குநர் காதருகே ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு மேடையில் இப்படியும் அப்படியும் நடந்தார். கல்வி ஒரு பயணம் என்றார். மாண்டரினில் இரண்டு வாக்கியம் பேசினார். அதற்குத் தனிக் கைதட்டல். பிறகு, "இப்போது மாயத்தைப் பாருங்கள்!" என்று ஆங்கிலத்தில் முழங்கினார். எல்லோர் கையிலும் புத்தகம். பக்கம் எண்பத்தொன்று. திரையில் கேள்விகள்.

"கேள்வி ஒன்று! இந்நூலின் பகுதிகளை எழுதியவர் யார்?"

புத்தகங்களில் விரல்கள் ஓடின. மூச்சு விடுவதற்குள் முப்பத்தொரு குரல்கள் ஒன்றாக:

"வேறொருவர்! பத்தி மூன்று, வரி நான்கு!"

"சூப்பர்! பத்தி மூன்று, வரி நான்கு! எவ்வளவு வேகம் பார்த்தீர்களா?"

மண்டபம் அதிரக் கைதட்டல். அவர் விடையைக் கேட்கவே இல்லை. பத்தி எண்ணை மட்டும் கேட்கிறார். தம் முறைக்கு அவ்வளவு விசுவாசமான மனிதர்.

"கேள்வி இரண்டு! ஆசிரியர் என்ன செய்தார்?"

"அட்டையில் பெயரை மாற்றினார்! பத்தி மூன்று, வரி ஐந்து!"

வெய் ஜியேயின் குரல் எல்லோருக்கும் மேலே கேட்டது. அவன் அம்மா எழுந்து நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார். அருகில் விமலா என் முழங்கையைப் பிடித்தாள். "ஐயோ, என்னாங்க இது?" என்றாள் தாழ்ந்த குரலில். சிரிப்பை அடக்கியதில் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"கேள்வி மூன்று! தம் படத்தைப் பார்க்கும்போது ஆசிரியர் எப்படி உணர்கிறார்?"

"மிகுந்த பெருமை! பத்தி நான்கு, வரி ஒன்று!"

சிரிப்பு ஒன்று எங்கோ பின்வரிசையில் கேட்டது. யாரோ ஒரு பெற்றோர், ஆங்கிலம் தெரிந்தவர். பிறகு இன்னொன்று. இயக்குநர் நின்றார். திரையைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த தம் நூலைக் குனிந்து பார்த்தார். வாசித்தார். ஒரு மனிதர் தம் வாழ்வில் முதல்முறையாகக் கருத்துணர்வதை முந்நூறு பேர் பார்த்தோம். உதடுகள் அசைந்தன. மூன்றாம் பத்தியில் நின்றன.

பதினொரு ஆண்டுகளில் இப்படி ஒரு இன்பத்தை நான் அடைந்ததில்லை. அது எவ்வளவு நேரம் நீடித்தது என்றும் சொல்ல வேண்டும்: அவர் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கும் வரை.

"இதுதான்!" என்று கையை உயர்த்தினார். "நேர்மை! வேண்டுமென்றே என்னையே எடுத்துக்காட்டாக வைத்தேன். பிறர் உழைப்பைத் திருடுவது தவறு என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? நானே திருடனாக நடித்தால்தான் மறக்கமாட்டார்கள்! ஆங்கிலத்தோடு நன்னெறியும்!"

கைதட்டல். முன்னைவிடப் பலமாக. பின்வரிசையில் சிரித்தவர்களும் தட்டினார்கள். மேடம் யாப்பும் தட்டினார். நான் இரண்டு மாதம் உட்கார்ந்து செதுக்கியதை அந்த ஆள் ஆவியில் வெந்த ஒரு பாவ் பன்னைப்போல் வாயில் போட்டு விழுங்கிவிட்டார். அதுவும் அவர் பெயரிலேயே சேர்ந்துவிட்டது.

"எந்திரிச்சு சொல்லுங்க" என்றாள் விமலா.

நான் எழவில்லை.

அப்போது மூன்றாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பெய் ஷான். இயக்குநர் மகிழ்ச்சியோடு ஒலிவாங்கியைக் கொடுக்கச் சொன்னார். கேள்வி கேட்கும் மாணவி மேடைக்கு அழகுதானே.

"சார், எனக்கு ஒரு கேள்வி. புத்தகத்துல இல்ல." புத்தகத்தை மூடினாள். "அந்த வேறொருவர் யாரு?"

புத்தகங்களில் மறுபடியும் விரல்கள் ஓடின. பத்தி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பக்கம் திருப்பினார்கள். மறுபடியும் திரும்பி வந்தார்கள்.

"சார், வரி இல்ல லா" என்றது ஒரு குரல்.

"ஆமா, வரியே இல்ல."

"அது வந்து... கற்பனைதானே" என்றார் இயக்குநர்.

வெய் ஜியே தலையைச் சொறிந்தான். எழுந்தான். தேர்வு விதியை மீறுகிறோமே என்ற கவலை அவன் முகத்தில் இருந்தது.

"வரி இல்லாட்டி, சும்மா சொல்லலாமா முடியாதா?"

"சொல்லு" என்றாள் பெய் ஷான்.

"மிஸ்டர் நாயகம் லா. எல்லாமே அவரு எழுதினதுதானே. முதல் புத்தகத்துல இருந்த பாலம் எல்லாம் போன வருஷமே எங்களுக்கு ஜெராக்ஸ் குடுத்தாரு. என்கிட்ட இன்னும் இருக்கு, கோழி எண்ணெய் பட்டு."

"என்கிட்டயும்."

"என் அக்காகிட்ட. அவ படிவம் ஐந்துல இருந்தப்பவே."

"ஆமா ஆமா. மிஸ்டர் நாயகம்."

இது சேர்ந்திசையாக வரவில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில், ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசினார்கள். பிறகு என்னைக் காட்டுவதற்காக எல்லோரும் திரும்பினார்கள். மஞ்சள் சட்டைகளில் முப்பதுக்கும் மேற்பட்ட சிவநேசன்கள் கைகளைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்கள்.

வெய் ஜியே தன் அம்மாவுக்குக் காண்டனீஸில் விளக்கினான். அந்த அம்மா பக்கத்து அம்மாவுக்கு. அது வரிசை வரிசையாகப் பின்னால் போவது காதில் விழுந்தது. "உங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியுமா?" என்று பின்வரிசைக்காரர் ஒருவர் உரக்கக் கேட்டார்.

"தெரியுமே" என்றான் வெய் ஜியே. "பெரியவங்க பேசி வச்சுக்கிட்டாங்கன்னு நினைச்சோம்."

இயக்குநர் வாயைத் திறந்தார். மேடம் யாப் எழுந்து மேடைக்கு முதுகைக் காட்டி நின்றார். கூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"முதல்ல சாப்பிடலாம் லா" என்றார்.

மே 20, திங்கள்

மேடம் யாப் அறைக்கு அழைத்தார். இயக்குநர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார்; வாசனைத் தைலம் வழக்கத்தைவிடக் குறைவு. மேடம் மலாயில் பேசினார்.

"இரண்டு புத்தகத்துக்கும் உங்க பேரை ஸ்டிக்கர் அடிச்சு அட்டையில ஒட்டுறோம். அடுத்த பதிப்புல ஒழுங்கா அச்சடிக்கலாம். டாக்டர் சிவா இங்கயே இருப்பாரு. பெற்றோருக்கு அவரைப் பிடிக்குது, மேடையில பேசுறாரு. ஆனா உங்க வகுப்புப் பக்கம் வரமாட்டாரு."

"நன்றி, மேடம்."

"மிஸ்டர் நாயகம், எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு தூரம் படிக்க வராது. நாப்பது பகுதியும் என்னால படிக்க முடியாது. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே."

"அண்ணே எங்க சொல்வாரு மேடம்" என்றார் இயக்குநர் மலாயில், வருத்தத்தோடு. பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில்: "என் பல்லு அவ்ளோ பெருசாவா இருக்கு அண்ணே? நேத்து முழுக்க ஒக்காந்து எல்லாத்தையும் படிச்சேன்."

"எல்லாவற்றையும்?"

"எல்லாத்தையும். நல்லா எழுதுறீங்க அண்ணே. வயிறு எரியுது. ஆனா நல்லா எழுதுறீங்க."

அவர் நாற்காலி கதவை மறித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து நகர்த்தினோம்.

மாலை, மாணவர்கள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வெய் ஜியே ஒட்டியவை எல்லாம் கோணல். அவற்றில் இயக்குநரின் ஒரு கண் மட்டும் என் பெயருக்கு மேலாக எட்டிப் பார்க்கிறது. விமலாவுக்குக் காட்டினேன். அந்தப் பிரதிதான் வேண்டும் என்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

மே 22, புதன்

இன்று கேள்விகளே இல்லாத ஒரு பகுதியைக் கொடுத்தேன். நேற்று எழுதியது. ஒரு மனிதர், அவருடைய பொருள் ஒன்று காணாமல் போகிறது, எடுத்தது யாரென்று தெரியும், அவர் நிறையத் திட்டம் போடுகிறார். பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம். அங்கே நிறையப் பிள்ளைகள். எடுத்துக்காட்டுக்காக எழுதியது, யாரையும் குறிப்பதன்று.

"சார், கேள்வி எங்க?" என்றான் வெய் ஜியே, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"நீங்கள்தான் கேட்க வேண்டும். முதலில் முழுவதையும் வாசியுங்கள்."

வாசித்தார்கள். உதடுகள் அசைய, விரல் வைத்து, மெதுவாக. பெய் ஷான் முதலில் முடித்தாள். தலையைக் குனிந்துகொண்டாள், எதையும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தது. எனக்காக விட்டுக்கொடுக்கிறாள் என்று ஒருகணம் தோன்றியது. அப்படி இருக்க முடியாது.

வெய் ஜியே முடிப்பதற்கு நெடுநேரமாயிற்று. நிமிர்ந்தபோது அவன் முகம் சுருங்கியிருந்தது. இப்படி ஒரு முகத்தை அவனிடம் நான் பார்த்ததில்லை. சிந்திக்கும் முகம்.

"சார், அந்தப் பிள்ளைங்க எல்லாம் பார்த்தாங்க, இல்லையா? அவருக்கு அவங்களை நல்லாத் தெரியும். தினமும் பார்க்கிறாரு. அப்புறம் ஏன் அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கல? அவங்களுக்கு ஒண்ணும் புரியாதுன்னு நினைச்சாரா?"

நல்ல கேள்வி. மிக நல்ல கேள்வி என்று சொல்லிக் கரும்பலகையில் எழுதினேன். எழுதி முடித்தும் திரும்பாமல் விரல்களிலிருந்த சுண்ணத்தூளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"விடை, சார்?"

"நேரமாகிவிட்டது" என்றேன். "அடுத்த வாரம் பார்ப்போம்."

வகுப்பில் பாதி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. யாரும் எழுந்துபோகவில்லை.